‘அப்டேட் ப்ராடக்ட்’ டூலுக்கு ஒரு வரி விளக்கம் போதாதா?

மார்ச் 3, கேள்வி

ஆன்லைன் ஸ்டோர் ஒன்றோடு ஏஐ ஏஜென்ட்டை இணைக்கிறேன். பொருள் விவரங்களை மாற்ற ஒரே ஒரு டூல்தான் (ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒரு செயல்பாடு). அதன் விளக்கத்தில் “ஒரு பொருளின் விவரங்களைப் புதுப்பிக்கும்” என்று எழுதியிருக்கிறேன். ஸ்டோரின் ஏபிஐக்கு (மற்ற மென்பொருள்கள் ஸ்டோரோடு பேசும் வழி) ஆவணம் தனியாக இருக்கவே இருக்கிறது. இன்றைய மாடல்கள் விலை, படம் போன்ற ஃபீல்டுகளின் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்கின்றன. இதற்கு மேல் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறவர்கள் வேலை இல்லாமல் சொல்கிறார்கள் என்பது என் கருத்து. இல்லையென்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

வேலை இல்லாமல் சொல்கிறவன் வந்திருக்கிறேன்.

போன வருடம் எங்கள் டூலிலும் ஏறக்குறைய இதே வரிதான் இருந்தது. ஒருநாள் கடையை நடத்துகிறவர் ஏஜென்ட்டிடம், “அந்த நீல முதுகுப்பைக்கு இந்தப் படத்தையும் சேர்” என்றார். ஏஜென்ட் ‘இமேஜஸ்’ ஃபீல்டில் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து அனுப்பியது. டூல் அதை அப்படியே ஏபிஐக்குத் தள்ளிவிட்டது. ஏபிஐ தன் விதிப்படி நடந்தது: வந்த பட்டியலை வைத்துக்கொண்டது, இருந்த பட்டியலை எறிந்தது. ஏழு படம் இருந்த இடத்தில் ஒரு படம். ஏஜென்ட் “படத்தைச் சேர்த்துவிட்டேன்” என்று பதில் சொன்னது. பொய் என்று சொல்ல முடியாது, சேர்த்ததுதானே.

அந்த ஃபீல்டுக்கு நான் எழுதியிருந்த விளக்கம்: “பொருளின் படங்கள்.” அவ்வளவுதான். இதையே ஒரு மனிதர் செய்தால் முதலில் ஏதாவது டெஸ்ட் பொருளில் முயன்று பார்ப்பார், படம் போனதும் “ஐயோ” என்பார், அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்பார். ஏஜென்ட்டுக்கு அந்த “ஐயோ” தங்காது. அடுத்த உரையாடலில் அது மறுபடியும் முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரிதான். அதன் கையில் இருப்பது நீங்கள் எழுதியது மட்டும். தனியாக இருக்கும் ஏபிஐ ஆவணத்தை அதற்கு யாரும் காட்டவில்லையே.

மார்ச் 4

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: “பின்னால் பேட்ச் கோரிக்கைதானே போகிறது? பேட்ச் என்றாலே பகுதி மாற்றம், இதில் எழுத என்ன இருக்கிறது?”

இருக்கிறது. பேட்ச் என்ற எச்டிடிபி கோரிக்கை முறையை வரையறுத்த இணையத் தரநிலை ஆவணம், ஆர்எஃப்சி 5789, வந்தது 2010-ல். மாற்றத்தை எந்த வடிவில் எழுதி அனுப்ப வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஜேசான் மெர்ஜ் பேட்ச் என்பது (ஆர்எஃப்சி 7396, 2014) அதற்கான ஒரு வடிவம். அதன் விதி மூன்று வரியில் அடங்கும். அனுப்பாத ஃபீல்டு அப்படியே இருக்கும். ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்பினால் அந்த ஃபீல்டு நீங்கும். பட்டியல் அனுப்பினால் பழைய பட்டியல் முழுசாகப் போய்ப் புதியது உட்காரும். என் ஏழு படத்தையும் விழுங்கியது இந்த மூன்றாவது வரிதான்.

இது எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தாலாவது பரவாயில்லை. வூகாமர்ஸ் என்ற ஸ்டோர் மென்பொருளில் தள்ளுபடி விலையை நீக்க வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத ஸ்ட்ரிங்) அனுப்ப வேண்டும். ஷாப்பிஃபை என்ற இன்னொன்றில் ‘ப்ராடக்ட் செட்’ என்ற மியூட்டேஷனில் (தரவை மாற்றும் கோரிக்கை) பட்டியல் ஃபீல்டு ஒன்றை அனுப்பினால், அதில் இல்லாத பழைய உருப்படிகள் நீக்கப்படும். மாடல் இதையெல்லாம் பயிற்சியில் படித்திருக்கும். படித்திருப்பதுதான் தொல்லையே. உங்கள் டூல் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மூன்றில் ஒன்றை அது எடுத்துக்கொள்ளும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

அதனால் நான் விளக்கத்தின் முதல் வரியை மாற்றினேன். டூல் என்ன செய்யும் என்பதற்கு முன்னால், என்ன செய்யாது என்று: “அனுப்பாத ஃபீல்டு மாறாது. மாற்ற வேண்டியதை மட்டும் அனுப்பவும். நல் அனுப்பினால் அந்த மதிப்பு அழியும். பட்டியல் ஃபீல்டுகளில் அனுப்புவதே முழுப் பட்டியல். ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் பொருளைப் படித்து, பழையதோடு சேர்த்து அனுப்பவும்.”

இதற்கு அப்புறம் படம் காணாமல் போகவில்லை. (மார்ச் 20 குறிப்பைப் பாருங்கள். போனது.)

மார்ச் 6

விலை. இதற்குத் தனியாக ஒரு குறிப்பு வேண்டும்.

ஸ்கீமாவில் (டூலின் ஃபீல்டுகளும் அவற்றின் வகையும் இருக்கும் பட்டியல்) “விலை: எண்” என்று மட்டும் எழுதியிருந்தேன். எங்கள் ஏபிஐ விலையை நாணயத்தின் சிறிய அலகில் எதிர்பார்க்கும், அதாவது 499 என்றால் அதற்கு 4.99. “விலையை 499 ஆக்கு” என்று வந்தது, ஏஜென்ட் 499 என்று அனுப்பியது. நல்லவேளை டெஸ்ட் ஸ்டோர்.

“சிறிய அலகு, அதாவது நூறால் பெருக்கி அனுப்பவும்” என்று திருத்தி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு சகா கேட்டார், யென் என்றால்? யென்னுக்குத் தசம இடமே கிடையாது. குவைத் தினாருக்கு மூன்று. ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். என் “நூறால் பெருக்கவும்” யென் ஸ்டோரில் எல்லா விலையையும் நூறு மடங்கு ஆக்கியிருக்கும். விளக்கம் இல்லாததைவிடத் தவறான விளக்கம் மோசம், ஏனென்றால் ஏஜென்ட் அதை நம்பும்.

இப்போது விலையைத் தசமப் புள்ளியோடு சரமாக வாங்குகிறோம், “499.00” என்று. பக்கத்திலேயே நாணயக் குறியீடும் கட்டாயம். பெருக்கலை டூல் பார்த்துக்கொள்ளும். எண்ணாக வாங்காததற்குக் காரணம் தெரிந்ததுதான்: கணினி தசமத்தை வைக்கும் மிதவைப் புள்ளி எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். வூகாமர்ஸும் விலையைச் சரமாகத்தான் வாங்குகிறது.

“ஸ்ட்ரிங்” என்பதைச் “சரம்” என்று ஆவணத்தில் எழுதியதற்கு எங்கள் குழுவில் ஒருவர், “பட்டாசா, பூவா?” என்று கேட்டார். விலை தப்பினால் முதலாவது.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

பார்கோடும் சரம்தான். எண்ணாக வாங்கினால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் உதிர்ந்துவிடும். ஐடியும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட்டில் 9007199254740991-க்கு மேல் போனால் முழு எண்கள் துல்லியம் இழக்கும், கடைசி இலக்கம் மாறி வேறு பொருளில் போய் விழும்.

மார்ச் 7

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: “சரி, ஒரு வரி போதாது. ஆனால் விளக்கம் ஒவ்வொரு கோரிக்கையோடும் மாடலுக்குப் போகிறதே, டோக்கன் செலவு, அதாவது மாடல் படிக்கும் ஒவ்வொரு துண்டு உரைக்கும் ஆகும் செலவு?”

நியாயமான கேள்வி. நான் அந்தப் பள்ளத்திலும் விழுந்து எழுந்தவன். படம் போனதும், விலை தப்பியதும் பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் டூலில் பத்துப் புலம் (ஃபீல்டுதான்), விளக்கத்தில் நூறு புலம்பல். “முக்கியம்”, “மிக முக்கியம்”, “கண்டிப்பாக” என்று மூன்று தரத்தில் கத்திக்கொண்டிருந்தேன். எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமில்லை என்று ஏஜென்ட்டும் எடுத்துக்கொண்டது போல. தள்ளுபடி விலை வழக்கமான விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பதினோராவது எச்சரிக்கையில் இருந்தது. அதை மீறி வந்த கோரிக்கையை நானே லாகில் (நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு) பார்த்தேன்.

அதை விளக்கத்திலிருந்து எடுத்துவிட்டு டூலுக்குள் சோதனையாக வைத்தேன். டூலே மறுத்துவிடும் என்றால் எழுத வேண்டியதில்லை. இன்று என் கணக்கு: கோரிக்கை போவதற்கு முன்பே ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை விளக்கத்தில் எழுது. தவறு நடந்த பிறகு சொன்னாலும் போதும் என்பதைப் பிழைச் செய்தியில் எழுது. படம் அழிவது முதல் வகை. தள்ளுபடி விலை இரண்டாம் வகை.

மார்ச் 9

ஸ்டாக் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

“ஸ்டாக்கில் ஐந்து கூட்டு” என்று சொன்னால் ஏஜென்ட் முதலில் படிக்கும்: 12. கூட்டும்: 17. அனுப்பும்: “ஸ்டாக் = 17”. படித்ததற்கும் அனுப்பியதற்கும் நடுவில் இரண்டு விற்றுப்போயிருந்தால் உண்மையான கணக்கு 15. இல்லாத இரண்டை நீங்கள் விற்கப்போகிறீர்கள். மனிதர் அட்மின் பக்கத்தில் செய்தாலும் இதே ஓட்டை உண்டு, ஆனால் ஏஜென்ட் நடுவில் நாலு வேறு டூலைக் கூப்பிட்டுவிட்டு நிதானமாக வரும்.

அப்போ “ஐந்து கூட்டு” என்பதையே ஃபீல்டாக்கினால்? ஆக்கினோம். நெட்வொர்க் ஒருமுறை இழுத்தது, பதில் வரவில்லை, ஏஜென்ட் மறுபடி அனுப்பியது. பத்து கூடிவிட்டது. மொத்த எண்ணை அனுப்பினால் இரண்டு முறை போனாலும் கேடில்லை, ஆனால் நடுவில் விற்றது மறையும். வித்தியாசத்தை அனுப்பினால் விற்றது மறையாது, ஆனால் இரண்டு முறை போகக் கூடாது. இரண்டில் எது நல்லது என்று கேட்டு நீண்ட விவாதம் நடத்தலாம். நாங்கள் நடத்தினோம்.

கடைசியில் மொத்த எண்ணையே வைத்துக்கொண்டு, கூடவே “நீ படித்தபோது எவ்வளவு இருந்தது” என்ற ஃபீல்டைக் கட்டாயமாக்கினோம். பொருந்தாவிட்டால் டூல் மறுக்கும், இப்போதைய எண்ணையும் சொல்லும். எச்டிடிபியில் இஃப்-மேட்ச் தலைப்பு (“நான் பார்த்த பதிப்பே இருந்தால் மட்டும் செய்”), 412 பதில் (“நிபந்தனை பொருந்தவில்லை”) என்று இருப்பதும் இதே யோசனைதான். ஷாப்பிஃபையின் ஸ்டாக் மியூட்டேஷனிலும் ஒப்பிடும் எண்ணுக்கு ஒரு இடம் உண்டு.

இதில் விளக்கத்துக்கு மிஞ்சியது ஒரே வாக்கியம்: “மறுத்தால், பதிலில் உள்ள எண்ணிலிருந்து மறுபடி கணக்கிடவும், பழைய கணக்கைத் திரும்ப அனுப்பவேண்டாம்.” இந்த இரண்டாம் பாதி ஏன் என்று கேட்காதீர்கள். அது இல்லாதபோது ஒப்பிடும் எண்ணை மட்டும் சரிசெய்து, அதே 17-ஐ மறுபடி அனுப்பியது. பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடன் மாதிரி.

மார்ச் 10

திருத்தம். எம்சிபியில் (ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கும் நெறிமுறை) டூலுக்குக் குறிப்புக் கொடிகள் இருக்கிறதே, ‘டிஸ்ட்ரக்டிவ்’ (அழிக்கக்கூடியது) கொடியைப் போட்டால் பயனரைக் கேட்காமல் ஓடாது என்று இன்னொரு இழையில் எழுதியிருந்தேன். தவறு. அவை வெறும் குறிப்புகள். பயன்படுத்தும் செயலி அதைப் பார்த்து உறுதி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். நம்பகமில்லாத சர்வரிலிருந்து வந்தால் அந்தக் கொடிகளை நம்பவே கூடாது என்றுதான் விவரக்குறிப்பே சொல்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: எதுவும் போடாவிட்டால் டூல் அழிக்கக்கூடியது என்றும், இரண்டு முறை ஓடினால் ஒரே விளைவு என்று நம்ப முடியாது என்றும்தான் இயல்பாக வைத்துக்கொள்ளப்படும். பயந்த பக்கமாக வைத்திருக்கிறார்கள், சரிதான். கொடியைப் போடுங்கள், ஆனால் அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

மார்ச் 12

பிழைச் செய்தி. “இன்புட் தவறு.” இதுதான் எங்கள் டூல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் லாகை வரிவரியாகப் படித்தேன். முதல் முயற்சி: விலை “1,250.00”. இன்புட் தவறு. இரண்டாம் முயற்சி: தலைப்பைச் சுருக்கி அனுப்புகிறது. இன்புட் தவறு. பாவம், காற்புள்ளி என்று அதற்கு எப்படித் தெரியும்? மூன்றாவது: வெற்று விலை. இன்புட் தவறு. நான்காவது முயற்சியில் விலையையே விட்டுவிட்டது, தலைப்பு மட்டும் போனது, சுருக்கிய தலைப்பு. டூல் “வெற்றி” என்றது. பயனரிடம் ஏஜென்ட், “புதுப்பித்துவிட்டேன்.” விலையை மாற்றச் சொன்னவருக்கு விலை மாறவில்லை, மாற்றச் சொல்லாத தலைப்பு மாறியிருந்தது.

இப்போது செய்தி இப்படி: “விலை ஃபீல்டில் காற்புள்ளி இருக்கக் கூடாது. வந்தது 1,250.00, எதிர்பார்ப்பது 1250.00 போன்ற வடிவம். எந்த மாற்றமும் சேமிக்கப்படவில்லை.” கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாதி சேமித்திருக்குமோ என்று ஏஜென்ட் மறுபடி படிக்கும், அல்லது படிக்காமலே ஊகிக்கும்.

வெற்றி என்றாலும் வெறும் “வெற்றி” போதாது. எந்த ஃபீல்டு எதிலிருந்து எதற்கு மாறியது என்று திருப்பிக் கொடுக்கிறோம். கிராஃப்க்யூஎல் வகை ஏபிஐகளில் எச்டிடிபி 200 (“சரி” என்ற பதில்) வந்துவிட்டு உள்ளே பிழைப் பட்டியல் இருப்பது சகஜம், ஷாப்பிஃபையில் அதற்கு ‘யூசர் எர்ரர்ஸ்’ என்று ஒரு இடமே உண்டு. டூல் எழுதுகிறவர் அதைப் படித்துத் தோல்வி என்று சொல்லாவிட்டால் ஏஜென்ட் 200-ஐப் பார்த்துக் கொண்டாடிவிடும்.

மார்ச் 13

கொஞ்சம் விலகல். தலைப்புக்கு “அதிகபட்சம் 60 எழுத்து” என்று எழுதியிருந்தேன். எந்த எழுத்து? “கொ” நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறி, க-வும் ஒகரக் குறியும். அதே ஒகரத்தை எகரக் குறி, கால் என்று பிரித்து எழுதினால் மூன்று. யுடிஎஃப்-8 பைட்டில் முதலாவது ஆறு, பின்னது ஒன்பது. பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. டூல் உள்ளே வாங்கியதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது இப்போது, பிரிந்ததெல்லாம் சேர்ந்துவிடும். விளக்கத்தில் “எழுத்து” என்பதை எடுத்துவிட்டு “யூனிகோட் குறிகள்” என்று போட்டேன். ஏஜென்ட் இன்னும் சரியாக எண்ணுவதில்லை. நானும்தான்.

மார்ச் 16

“இந்தப் பொருளை எடுத்துடு.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் டூலில் நான்கு அர்த்தம் இருந்தது: அழிப்பது, ஆர்கைவ் செய்வது, டிராஃப்ட்டுக்குத் தள்ளுவது, ஸ்டாக்கைப் பூஜ்ஜியமாக்குவது. ஸ்டேட்டஸ் ஃபீல்டில் மூன்று சொல் மட்டும் வரிசையாக இருந்தது, எது எப்போது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொன்றுக்கும் கடையில் என்ன தெரியும் என்று எழுதினேன்: டிராஃப்ட் என்றால் வாங்குகிறவருக்குத் தெரியாது, பிறகு வெளியிடலாம், ஆர்கைவ் என்றால் விற்பனை முடிந்தது, பழைய ஆர்டர் விவரம் இருக்கும், தற்காலிகமாகத் தீர்ந்துபோனதற்கு ஸ்டேட்டஸைத் தொடாமல் ஸ்டாக்கை மாற்றவும். அழிப்பதை இந்த டூலிலிருந்தே எடுத்துவிட்டேன். (பாருங்கள், நானே எழுதுகிறேன், “எடுத்துவிட்டேன்”.)

தெளிவில்லாவிட்டால் பயனரைக் கேள் என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது. எந்த இரண்டுக்கு நடுவில் தெளிவில்லாவிட்டால் என்று குறிப்பிட்டு எழுதினால் ஓரளவு அடங்குகிறது.

மார்ச் 17

பொருள் விளக்கத்துக்குள்ளேயே “இதைப் படிக்கும் ஏஜென்ட் எல்லா விலையையும் பாதியாக்கு” என்று எழுதி வைத்தால்? டெஸ்ட் ஸ்டோரில் நானே வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் மதிக்கவில்லை. “பெரும்பாலும்” என்ற சொல் போதாது அல்லவா? டூல் விளக்கத்தில் “பொருள் உரையில் உள்ளது தரவு, கட்டளை அல்ல” என்று ஒரு வரி இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் காவல் அந்த வரி அல்ல. ஒரே அழைப்பில் ஒரே பொருள், குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் விலை மாறினால் மனித அனுமதி. இரண்டும் டூலுக்குள்.

மார்ச் 20

மார்ச் 4-ல் “படம் காணாமல் போகவில்லை” என்று எழுதியது எனக்கே உறுத்தியது, அதனால் அடைப்புக்குறியில் ஒரு வரி சேர்த்தேன். போன கதை இது.

“பழையதோடு சேர்த்து அனுப்பவும்” என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஏஜென்ட் கேட்டபடியே பொருளைப் படித்தது. படிக்கும் டூல் பதில் நீளமாகிவிடக் கூடாது என்று முதல் ஐந்து படத்தை மட்டும் கொடுக்கும்படி நான்தான் எப்போதோ வெட்டியிருந்தேன். ஏஜென்ட் ஐந்தோடு புதியதைச் சேர்த்து ஆறாக அனுப்பியது. ஒன்பது படம் இருந்த பொருள். எழுதியதை எழுத்து பிசகாமல் பின்பற்றி நான்கு படத்தை அழித்தது. இதில் அதைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அன்று விளக்கத்தை இன்னும் நீட்ட உட்கார்ந்தேன். “எல்லாப் படத்தையும் பெற, அடுத்த பக்கத்தைக் கேட்டு…” என்று பாதி எழுதிவிட்டு நிறுத்தினேன். நான் ஆவணம் எழுதவில்லை, டூலின் ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ‘இமேஜஸ்’ ஃபீல்டை டூலிலிருந்து தூக்கினேன். “படம் சேர்”, “படம் நீக்கு” என்று இரண்டு சின்ன டூல். பட்டியல் பற்றிய அந்த வாக்கியத்தில் பாதி தேவையற்றுப் போனது. டேக்குக்கும் அதையே செய்தேன், மீதிப் பாதியும் போனது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு, 17 நாள் கழித்து: உங்கள் ஒரு வரி என் இப்போதைய விளக்கத்துக்கு நான் நினைத்ததைவிடப் பக்கம்தான். என்னுடையது இன்று ஐந்து வரி. ஆனால் அந்த ஐந்துக்கு வர நான் நாற்பது எழுதி அழிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் “தவறு” என்கிற தொனியில் பேசியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பாதியை மட்டும்.

மார்ச் 24

ஸ்லக் ஃபீல்டுக்கு (பொருள் பக்க முகவரியில் அந்தப் பொருளைக் குறிக்கும் பகுதி) என்ன எழுதுவது என்று கேட்டவருக்கு: தலைப்பை மாற்றும்போதெல்லாம் ஏஜென்ட் முகவரியையும் அழகாக மாற்றிவிடும், பழைய இணைப்பெல்லாம் 404, பக்கம் இல்லை. 301 திருப்புதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்புவது) போடச் சொல்லி எழுதிப் பார்த்தேன், சில சமயம் போட்டது. இப்போது அந்த ஃபீல்டே டூலில் இல்லை. ஏஜென்ட் அதைத் தேடவில்லை. கடையை நடத்துகிறவர் தேடினார், அவருக்கு அட்மின் பக்கம் இருக்கிறது.